பண்ணைக்காட்டுப் பொன்னூல்காரி

கொடைக்கானல் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், அக்கம்பக்கத்தில் உடனே மூன்று கேள்விகள் வரும். "ஏரியில் படகு விட்டீங்களா? கோக்கர்ஸ் வாக் போனீங்களா? சாக்லேட் வாங்கினீங்களா?" ஏரியும் அழகுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடையைத் தடுத்துக் கட்டியது இன்றைக்கும் நம் கண்ணைக் குளிரவைக்கிறது. ஆனால் பழனி மலை என்பது அந்த ஏரியோடு முடிந்து போகிற சமாசாரம் இல்லை. பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே நாம் கடந்து போகிற நடு மலையில், காபியும் மலை வாழையும் ஆரஞ்சுமாக ஒரு தனி உலகம் இருக்கிறது. அங்கே நான் பார்த்த ஒருத்தியைப் பற்றித்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது பண்ணைக்காட்டில். அவள் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. சென்ற ஆண்டு ஐப்பசிக் கடைசியில், தீபாவளி அடைமழை கொஞ்சம் விட்ட சமயம், காப்பும் கொலுசும் எடுத்துக்கொண்டு நானும் என் கணவரும் கிளம்பினோம்.

வத்தலக்குண்டைத் தாண்டி, காமக்காபட்டி சோதனைச் சாவடியும் கடந்துவிட்டால் மலை ஏற்றம்தான். டம்டம் பாறை அருகே இறங்கி நின்றால், எதிர்மலையில் தலையாறு அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். எலிவால் அருவி என்றும் அதற்குப் பெயர். ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்திலிருந்து விழுகிறது. மழைக்காலமானதால் அன்று நன்றாகப் பருத்த எலியின் வால்! ஊத்து தாண்டி, பண்ணைக்காடு பிரிவில் பெரிய சாலையை விட்டுத் திரும்பினோம். அதன்பிறகு சுற்றுலா வண்டிகளின் ஹாரன் சத்தமே இல்லை.

பண்ணைக்காடு ஒரு பேரூராட்சி. கடைத்தெரு, பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம் எல்லாம் உண்டு. ஆனால் எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசி வீட்டுக்குப் பின்னால் காபித் தோட்டம் வந்து நிற்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காபிச் செடி, ஊடே மலை வாழை, பட்டர் ஃப்ரூட், சௌசௌ பந்தல். விருப்பாச்சி மலை வாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்தின் பெருமையே இந்த மலைப் பழத்தில்தான் இருக்கிறது. அதன் மணமும் இறுகிய சதையும் கீழ்நாட்டு வாழைக்கு வராது. நாத்தனார் வீடு புதிதாக முளைத்த தெருவின் கடைசியில். முன்பக்கம் சிமெண்ட் ரோடு, கேபிள் கம்பி. பின்பக்கம் கிணற்றடி, துணி துவைக்கிற கல், அதையடுத்து காபித் தோட்டம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூடுபனி விலகி வெயில் விழுந்தது. குழந்தைத் துணிகளை உலர்த்தப் போன நாத்தனார் மகள், "ஆத்தி! எம்புட்டுப் பெருசு!" என்று கத்திக்கொண்டே வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கொடிக்கம்பத்துக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே, ஓர் ஆள் கை விரித்த அகலத்துக்கு ஒரு வலை. அதன் நடுவில், தலை கீழாக, விரித்த உள்ளங்கை அளவுக்குக் கால் பரப்பி உட்கார்ந்திருந்தது ஒரு சிலந்தி. உடம்பு மட்டுமே ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாது. கரிய உடம்பில் மஞ்சள் வரிகள். கறுத்த கால்களின் மூட்டுகளிலும் மஞ்சள். பட்டிக்காட்டுக் கண்டாங்கிச் சேலை மாதிரி என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் மற்றவர்களுக்கு யமன் மாதிரி தோன்றியது.

"பிள்ளை துணி காயப்போடுற இடம் அண்ணி. ஒண்ணு விழுந்தாலும் போச்சு" என்றாள் நாத்தனார். பக்கத்து வீட்டுக்காரர் கம்பில் துணி சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு தயாராக வந்துவிட்டார். நாத்தனார் அவசரப்படுத்தியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவளுடைய மாமியார், வீட்டில் எல்லோருக்கும் 'அப்பத்தா', முந்தின நாள் அந்த வலைக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை ஒடித்திருக்கிறார். அன்று காலை எழுந்தபோது அவர் நெற்றியில் கொத்தாகக் கொப்புளம். "சிலந்தி ஊர்ந்துருச்சு, விஷ நீர் பட்டுருச்சு" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தீப்பந்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொன்னேன். "கொல்றதுன்னா சாயங்காலம்கூடக் கொல்லலாம். எதைக் கொல்றோம்னு முதல்ல தெரியட்டும்" என்றேன். என் அண்ணன் மகன் மதுரையில் விலங்கியல் படிக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன்.

அவன் 'பயமா இருக்கா?' என்று கேட்கவில்லை. டாக்டர் நோயாளியைக் கேட்பது மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்டான். அந்தக் கேள்விகளை இங்கே அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டுக் கொல்லையிலும் பயன்படும்.

"வலை வட்டமா, பையா, புனல் மாதிரியா?" வட்டம். வண்டிச் சக்கரம் போல.

"படுத்திருக்கா, நிமிர்ந்திருக்கா?" நிமிர்ந்து, சுவர் போல நிற்கிறது.

"பகல்லயும் நடுவுல உட்காந்திருக்கா, இல்லை இலைக்குள்ள ஒளியுதா?" நட்ட நடுவில், ராணி மாதிரி.

"வெயில் படும்போது நூல் என்ன நிறம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கிட்டே போனேன். பக்கவாட்டில் நின்று சூரியனைப் பார்த்தபடி கவனித்தால், அந்த நூல் வெள்ளை இல்லை. பொன்! நல்ல அசல் ஜரிகை நிறம். பனித்துளி கோர்த்து அந்தப் பொன்னூல் மின்னியதைப் பார்த்து, மண்ணெண்ணெய்க் கம்போடு நின்றவரே "அட!" என்றார்.

வலையைத் தொடாமல், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியைக் கம்பில் கட்டிப் பிடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். அளவு தெரியத்தான் தீப்பெட்டி. ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது. "சந்தேகமே இல்லை அத்தை. நெஃபிலா பிலிப்பெஸ். ராட்சத மரச் சிலந்தின்னு சொல்லுவாங்க. வலை பின்ற சிலந்திகள்ல உலகத்துலேயே பெரிய ரகங்கள்ல ஒண்ணு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல, காபித் தோட்டத்துல எல்லாம் இருக்கும். ஊர்ப்பக்கம் துணிக்கொடி வரைக்கும் வந்து கட்டினதுதான் விசேஷம்."

நெஃபிலா என்றால் கிரேக்க மொழியில் 'நூற்பதில் பிரியமுள்ளவள்' என்று அர்த்தமாம். பெயர் வைத்தவர் வாழ்க! 1793-லேயே ஃபாப்ரீசியஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் இந்த இனத்தைப் பதிவு செய்துவிட்டார்.

அன்று முழுவதும் எனக்கு இவளை வேடிக்கை பார்ப்பதே வேலையாகிவிட்டது. 'இவள்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படிப் பெரிதாக இருப்பது பெண் மட்டும்தான். வலையின் மேல் ஓரத்தில் அரிசிமணி அளவில் பழுப்புச் சிவப்பாக ஒன்று பம்மிக்கொண்டிருந்தது. குட்டி என்று எல்லோரும் நினைத்தார்கள். குட்டி இல்லை, வீட்டுக்காரர்! அம்மணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்து மெதுவாகக் கிட்டே வருவாராம். நான் படித்துச் சொன்னதும் நாத்தனார் சிரித்த சிரிப்பில் அவள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தினார்.

வலையில் வேறு சிலரும் குடியிருந்தார்கள். வெள்ளிக் குண்டுமணி மாதிரி பளபளக்கிற பொடிச் சிலந்திகள். இவை தாமாக வலை கட்டாமல், பெரியவள் வலையில் மாட்டுகிற சின்னப் பூச்சிகளைத் திருடித் தின்று பிழைப்பவை. கூட்டுக் குடும்பத்தில் ஒட்டிக்கொள்ளும் தூரத்து உறவுகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பொன்னூலைப் பற்றி ஒரு செய்தி, பட்டுப் புடவை பிரியைகளுக்காக. மடகாஸ்கர் தீவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகள் 12 லட்சத்தைப் பிடித்து, ஒவ்வொன்றிடமும் பக்குவமாக நூல் இழுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிட்டு, அந்த நூலில் ஒரு மேலங்கி நெய்தார்கள். 2012-ல் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். சாயமே போடவில்லை. இயற்கையான பொன் நிறம்! நம் ஊர்க் கொல்லையில் அதே போன்ற நெசவு கூலியில்லாமல் நடக்கிறது.

சரி, விஷம்? எல்லாச் சிலந்திக்கும் போல இவளுக்கும் உண்டு. அது வலையில் மாட்டிய ஈ, வெட்டுக்கிளி, வண்டுகளை மடக்கத்தான். கையில் பிடித்து நசுக்கினால் தவிர மனிதரைக் கடிக்க மாட்டாள். கடித்தாலும் கொஞ்ச நேரம் வலி, சிவப்பு, அவ்வளவுதான். வலையை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்து தொட்டிலில் ஏறுகிற ஜாதி இல்லை. வலைதான் அவளுக்குச் சோறு போடுகிறது. அதை விட்டு எங்கே வரப் போகிறாள்?

"அப்ப அப்பத்தா நெத்தியில?" என்று கேட்டாள் நாத்தனார் மகள். அதுதானே சரியான கேள்வி! சிலந்தி செய்யவில்லை என்றால் வேறு எது செய்தது?

அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். "எரிச்சல் எப்ப ஆரம்பிச்சது அப்பத்தா?"

"அது ரெண்டு மூணு நாளாவே வலது பக்க மண்டை திகுதிகுன்னு எரிஞ்சுச்சு தாயி. பனியில தலைவலின்னு தைலம் போட்டேன்."

கறிவேப்பிலை ஒடித்தது முந்தின நாள்தான். எரிச்சலோ அதற்கு முன்பே வந்துவிட்டது. கொப்புளங்கள் நெற்றியின் வலது பாதியில் மட்டும் இருந்தன. கோடு கிழித்தது போல நடுவில் நின்றுவிட்டன. ஒன்று புருவத்தின் மேல், இன்னொன்று மூக்கு நுனியில். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் சிறுமியாக இருந்தபோது என் தாத்தாவுக்கு இதே மாதிரி வந்து, ஒரு கண் பார்வை கடைசிவரை மங்கலாகவே போய்விட்டது. இது அக்கி.

அக்கி என்பது சிலந்தியாலும் வருவதில்லை, சூட்டாலும் வருவதில்லை. சின்ன வயதில் வந்து போன சின்னம்மையின் கிருமி நம் நரம்புக்குள் பல வருஷம் தூங்கிக் கிடக்கிறது. வயதாகி, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்த சமயம் பார்த்து ஏதாவது ஒரு நரம்பு வழியே விழித்து வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, முதலில் எரிச்சலும் பின்பு கொப்புளமுமாக வருகிறது. நெற்றியில் வந்தால் கண்ணைப் பாதிக்கலாம். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்கு ஆபத்து அதிகம். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்ல பலன். காவி குழைத்து அக்கி எழுதுகிற வழக்கம் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்த நம்பிக்கையை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். ஆனால் எழுதிவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்தால், அந்த மூன்று நாள் கைவிட்டுப் போய்விடும்.

இன்னொன்றும் சட்டென்று உறைத்தது. காலையிலிருந்து அப்பத்தா மடியில்தான் குழந்தை! அந்தக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றலாம். பச்சைக் குழந்தைக்கு அது சாமானிய விஷயம் இல்லை. துணிக்கொடியில் இருந்த சிலந்திக்குப் பயந்து தீப்பந்தம் எடுத்தோம். ஆபத்தோ பாசத்தோடு மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது!

அப்பத்தா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "எந்தங்கத்துக்கு ஒண்ணு ஆகக்கூடாது" என்று தாமே குழந்தையைக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். கொப்புளத்தின் மேல் சுத்தமான துணி போட்டு, மதியமே காரில் திண்டுக்கல் போனோம். டாக்டர் பார்த்ததும் அக்கி என்றுதான் சொன்னார். அன்றே கண் டாக்டரிடமும் அனுப்பினார். "கருவிழிக்கு இன்னும் போகலை. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்றார் அவர். மாத்திரையும் கண்ணுக்கு மருந்தும் கிடைத்தது. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கு தட்டுகிறவரை குழந்தையைத் தூக்க வேண்டாம், அப்பத்தாவின் துண்டு, தலையணை தனியாக இருக்கட்டும் என்றார்கள். நாத்தனார் மகளுக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்ததா என்று கேட்டுக்கொண்டு, குழந்தைகள் டாக்டரிடமும் ஒருமுறை காட்டச் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து மனம் லேசாகி, நாங்கள் இருவரும் மேலே கொடைக்கானல் போய் வந்தோம். போகிற வழியில் வெள்ளி அருவி தாண்டி செண்பகனூர். அங்கே 1895-ல் இயேசு சபைத் துறவிகள் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியும், அதன் இயற்கை அருங்காட்சியகமும் இருக்கின்றன. பறவை, பாம்பு, பூச்சி என்று இந்த மலையின் உயிர்களைத் தேடித் தேடிச் சேர்த்து, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த ஃபாதர் மேத்யூ இந்த மலையின் செடிகொடிகளை எல்லாம் ஆராய்ந்து 1999-ல் பெரிய நூலே வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒட்டிய சின்னப் பெயர்ச் சீட்டைப் பார்த்தபோது, ஒன்றின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது. குறிஞ்சி கடைசியாக 2018-ல் பூத்தது. இனி 2030-ல். குழந்தைக்குப் பள்ளிக்கூட வயதாகும்போது எல்லோரும் சேர்ந்து வரலாம் என்று பேசிக்கொண்டோம்.

இளம் தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்:

வீட்டில், கொல்லையில் புதிய சிலந்தியைக் கண்டால் கையால் தொடாதீர்கள். வலையின் வடிவம், நூலின் நிறம், உடம்பின் வரிகள், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனித்துப் படம் எடுங்கள். பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர்களிடம் காட்டலாம். உலகத்தில் இதுவரை 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதருக்குப் பெரிய கெடுதல் செய்வது அதில் மிக மிகச் சில.

நடைபாதையில் வலை இருந்தால், நீளமான கம்பில் வலையோடு சுற்றி எடுத்துத் தோட்டத்துப் பக்கம் விட்டுவிடலாம். அவள் வேறு வலை கட்டிக்கொள்வாள்.

சிலந்தி கடித்தது நிச்சயம் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கீறுவது, கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது வேண்டாம். மூச்சு முட்டல், காய்ச்சல், வீக்கம் பரவுதல் இருந்தாலும், கடிபட்டது குழந்தையானாலும் உடனே டாக்டர்.

மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு, எறும்பைவிடச் சற்று நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி ஒரு பொடி வண்டு வரும். அது மேலே உட்கார்ந்தால் அடித்து நசுக்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள். அதன் உடம்பு நீர் பட்டால் சூடு போட்டது போலக் கோடாகக் கொப்புளிக்கும். பாவம், அந்தப் பழியும் சிலந்தி தலையில்தான் விழுகிறது.

ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அக்கி என்று நினைத்து அன்றே டாக்டரைப் பாருங்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கி வராமலிருக்கத் தடுப்பூசியும் இப்போது நம் நாட்டில் இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

போன மாதம் நாத்தனார் போன் செய்தாள். அப்பத்தாவுக்கு நெற்றியில் லேசாக வடு இருக்கிறதாம், கண் பார்வை பழுதில்லையாம். கொள்ளுப் பேத்தி கழுத்து நின்று, அவர் மடியில் உட்கார்ந்து மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறதாம். துணிக்கொடியை இரண்டடி தள்ளிக் கட்டிக்கொண்டார்களாம். மார்கழிப் பனியில் ஒருநாள் வலை காலியாகக் கிடந்ததாம். இந்த ரகச் சிலந்தி தரையில் குழி பறித்து முட்டையிட்டு, மண்ணும் சருகும் போட்டு மூடிவிட்டுப் போகும் என்று அண்ணன் மகன் சொல்லியிருந்தான்.

"அந்தக் கொய்யா மரத்தடியை இந்த வருஷம் கொத்த வேண்டாம்னு அப்பத்தா உத்தரவு போட்டிருக்காங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.